திண்டுக்கல்லில் ஒரு பத்து ரூபாய் நோட்டு

ஒரு பத்து ரூபாய் நோட்டைப் பார்ப்பதற்காகக் கடல் தாண்டிப் போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போய்வந்த செலவுக்கு அதே மாதிரி எத்தனை நோட்டுகள் வாங்கியிருக்கலாம் என்று என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள். நியாயமான கேள்விதான்.

கொழும்பில் ஒரு வங்கியில் நோட்டு எண்ணுவது என் தொழில். பிழையாக அச்சான நோட்டுகளைச் சேர்ப்பது என் வியாதி. நம்பர் விழாமல் வந்தது, ஒரு பக்கம் வெள்ளையாக வந்தது, முன்பக்கத்தின் மை பின்பக்கத்திலும் படிந்து வந்தது என்று ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துரைக்கும் இதே வியாதி உண்டு. அவருக்கு வசதி இருந்ததால் அதைப் பொழுதுபோக்கு என்று சொன்னார்கள்.

வங்கிக்குப் பின்தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த காசிம் திண்டுக்கல்காரர். ஒருநாள் என் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க அக்காகிட்ட ஒரு நோட்டு இருக்கு சார். ஒரு மூலையில தாளு காக்கா மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். அந்த மூக்குலயும் அச்சு இருக்கு." எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரிய தாளில் பல நோட்டுகளைச் சேர்த்து அச்சடித்து, பிறகு வெட்டுவார்கள். வெட்டும் நேரத்தில் ஒரு மூலை உள்ளே மடிந்துகிடந்தால் கத்திக்குத் தப்பிவிடும். பிரித்தால் பக்கத்து நோட்டின் ஓரப் பூவேலையும் சேர்ந்து நீட்டிக்கொண்டு நிற்கும். இருபது வருடம் நோட்டு எண்ணியவன் நான். அப்படி ஒன்று என் கையில் அகப்பட்டதில்லை.

துரையிடம் சொன்னேன். நான் கண்ணால் பார்த்துச் சரி என்று எழுதினால் ஐந்நூறு ரூபாய் அனுப்புவதாகச் சொன்னார். அவருக்கு என் கண்மேல் நம்பிக்கை இருந்தது. பணத்தை முன்கூட்டிக் கையில் கொடுக்கிற அளவுக்கு இல்லை.

அந்த ஐந்நூறு காசிமின் அக்கா பல்கீஸுக்கு வேண்டியிருந்தது. மார்பில் கட்டி. மதுரை டாக்டர்கள் வேலூருக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். போகவும் தங்கவும் வைத்தியத்துக்கும் வழியில்லாமல் நாள் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. காசிம் போகலாமென்றால், அவர் இந்தியப் பிரஜை; ஒருமுறை இலங்கையைவிட்டுப் போனால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். அவருடைய அடுப்பு எரிந்தால்தான் இரண்டு நாட்டிலும் அடுப்பு எரியும். நோட்டைத் தபாலில் விடவும் யாருக்கும் துணிவில்லை. ஆகவே நான் போனேன்.

திண்டுக்கல்லுக்குச் சற்று முன்னால் கொடைரோடு ஸ்டேஷனில் காப்பி குடிக்க இறங்கினேன். காப்பி நல்ல காப்பி, நல்ல சூடு. ஊதி ஊதிக் குடித்து முடிப்பதற்குள் ரயில் என் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பெட்டி கையில் இருந்தது; இல்லாவிட்டால் பூதக்கண்ணாடியும் சேர்ந்து போயிருக்கும். எங்கள் ஊர் ரயில்கள் கிளம்புவதற்கு முன் நாலு தடவை யோசிக்கும். இங்கே அந்த மரியாதை இல்லை.

பஸ் பிடித்தேன். நயா பைசா வந்த புதிது. கண்டக்டர் அணாவில் கேட்டார். நான் பைசாவில் கொடுத்தேன். அவர் மனத்துக்குள் பெருக்கி வகுத்து எனக்கு ஏதோ மீதி தந்தார். பக்கத்தில் மல்லிகைக் கூடைகளோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் எஞ்சின் கொதித்து நின்றதும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டிரைவர் குடத்தை எடுத்துக்கொண்டு ஒரு கிணற்றைத் தேடிப் போனார்.

"செத்த வெரசா ஊத்துப்பு. பூ கருகிப்போச்சுன்னா மாட்டுக்குக்கூட ஆகாது" என்று, தண்ணீரோடு திரும்பியவரிடம் சொன்னார் பூக்காரர். பிறகு கூடைமேல் ஈரத்துணியைத் தட்டிப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "சாருக்கு எந்த ஊரு?"

"நான் கொழும்பிலயிருந்து வாறன்."

"மலையாளமா?"

"தமிழ்தான்."

"அப்படியா" என்றார், நம்பாமல். திண்டுக்கல்லில் இருந்த நாள் முழுக்க நான் மலையாளியாகவே இருந்தேன். லாட்ஜில் ஒரு மர வியாபாரி உண்மையான மலையாளத்தில் என்னோடு பேச ஆரம்பித்து, நான் விழிப்பதைப் பார்த்து, பாவம், ஊரை மறந்துவிட்டான் என்று தன் கூட்டாளியிடம் சொன்னார். அது மட்டும் எனக்குப் புரிந்தது.

மாலையில் பல்கீஸின் கணவர் உதுமான் ராவுத்தர் என்னைக் கூட்டிப்போக வந்தார். ஒல்லியான மனிதர்; பேசும்போது கைகளை மடியில் மறைத்துக்கொள்வார். விரல்களில் தோல் சரக்கின் கறை. ஆட்டுத்தோல் வாங்கி, உப்புப் போட்டு, தரம் பிரித்து, தோல் பதனிடும் பெரிய ஷாப்புகளுக்கு விற்பவர். வீட்டுக்குப் போகும் வழியில் அவருடைய கிடங்கு இருந்தது. மறுநாள் ஈரோட்டு வியாபாரி வரப்போவதாகச் சொல்லி, "ரெண்டு தோலை மட்டும் முடிச்சிட்டு வந்துர்றேன்" என்று உட்கார்ந்தார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றேன்.

அவர் கையில் இருந்தது வளைந்த சின்னக் கத்தி. காதுப்பக்கம், கால்பக்கம், வால்பக்கம் தொங்கிக்கொண்டிருந்த துண்டுகளை ஒரே இழுப்பில் வெட்டி ஒரு கூடையில் போட்டார். கோடு போட்டு வெட்டியதுபோல இருந்தது.

"இதை ஏன் இவ்வளவு கவனமா வெட்டுறியள்? ஓரம்தானே?" என்று கேட்டேன்.

"ஓரம் கந்தலா இருந்தா வாங்குறவன் கண்ணு அங்கனயே நின்னுரும். நடுவுல தங்கமே இருந்தாலும் பாக்க மாட்டான். சரக்கை ஓரம் வெட்டாம காட்டுறது வந்தவருக்கு மரியாதையும் இல்லீங்க."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. என் தொழிலிலும் இப்படி நாலு பேர் இருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

வீட்டில் சீரகச் சம்பா அரிசியில் கறிச்சோறு, தால்ச்சா. கொழும்பில் பிரியாணி என்று தருவார்களே, அது மஞ்சள் பூசிய சோறு. இது வேறு. நோயாளி இருக்கிற வீட்டில் எனக்காக ஆட்டுக்கறி வாங்கியிருக்கிறார்கள் என்பது சாப்பிட்டு முடித்த பிறகுதான் உறைத்தது. இரண்டு பெண்பிள்ளைகள் மாறி மாறி எட்டிப் பார்த்தார்கள். உள்கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து பல்கீஸின் குரல் மட்டும் வந்தது. மெல்லிய குரல், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சு வாங்கியது.

"வெஞ்சனம் போதுமாண்ணே? இன்னும் செத்த வைக்கச் சொல்லவா? காசிம் மெலிஞ்சிட்டானா?"

"இல்லையம்மா. தொப்பை போட்டிருக்கிறார்."

திரைக்குப் பின்னால் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறிற்று.

நோட்டை இப்போதே பார்க்கலாமா என்று கேட்டேன். உதுமான் ராவுத்தர் தலையை ஆட்டினார். "விளக்கு வெளிச்சத்துல சரக்கு காட்டுற பழக்கம் இல்லீங்க. வாங்குறவரு ஏமாந்துட்டேன்னு பின்னால சொல்லக்கூடாது. காலையில வெயில் வந்ததும் முத்தத்துல வச்சுப் பாத்துக்கங்க." தோல் வியாபாரிகளின் ஒழுக்கம் அது. சாப்பிட வந்தவனிடம் வியாபாரம் பேசுவதும் அங்கே வழக்கமில்லை. நோட்டைப் பற்றி வேறு பேச்சே எழவில்லை. நான் லாட்ஜுக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை என் அறை வாசலில் கூட்டம். லாட்ஜ் மானேஜர் என் பூதக்கண்ணாடியைப் பார்த்து விசாரித்துவிட்டு ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார்: கொழும்பிலிருந்து ஒரு மலையாளி வந்திருக்கிறார், கெட்டுப்போன நோட்டுக்கு நல்ல விலை தருகிறார். பல்துலக்கும் முன்பே கடை திறந்தாயிற்று.

முதலில் வந்தவர் புகையிலைக் கிட்டங்கிக் கணக்கப்பிள்ளை. மை கொட்டிய ஐந்து ரூபாய் வைத்திருந்தார். அடுத்தவருடைய இரண்டு ரூபாயில் ஒரு பக்கம் நம்பரே இல்லை. பார்த்ததும் பிடுங்காத குறையாக வாங்கினேன். வெயிலில் பிடித்தேன், நம்பர் இருந்த இடத்தில் தாளின் நார் எழும்பி நின்றது. எலுமிச்சம்பழமோ வேறு ஏதோ போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். "யாரோ சொன்னாங்க சார், அப்படித்தான் இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே மனிதர் படியிறங்கிவிட்டார்.

நெய்க்காரப்பட்டியிலிருந்து தேங்காய் பாரம் கொண்டுவந்த விவசாயி ஒருவர் கடைசியாக நின்றார். வேட்டி முடிச்சை அவிழ்த்து அரை நோட்டு ஒன்றை எடுத்தார்.

"ஏனுங்க, கெட்ட நோட்டு வாங்கறவிங்க நீங்கதானுங்களா? நெல்லுக் குதிருக்குள்ள வெச்சிருந்தனுங்க. எலி தின்னுபோட்டுதுங்க."

"ஐயா, இது பிழை இல்லை. இது சேதம்" என்றேன். "அச்சடிக்கிற இடத்துக்குள்ள நடந்தால்தான் விலை. வெளியில வந்த பிறகு எது நடந்தாலும் ஒரு சதமும் கூடக் கிடைக்காது. பாங்கில குடுத்துப் பாருங்கோ."

"எலிக்குத் தெரியலீங்களே" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சிரித்துவிட்டேன். அன்றைக்கு நான் சிரித்தது அதுதான் கடைசி.

வெயில் ஏறியபோது உதுமான் ராவுத்தர் வீட்டு முற்றத்தில் வெள்ளைத்துணி விரித்திருந்தது. நடுவில் நோட்டு. பின்பக்கத்துப் பாய்மரக் கப்பல் மேலே தெரிந்தது. நான் குனிந்து மூக்கைத் தேடினேன். துணியைத் தூக்கிப் பார்த்தேன். நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். நான்கு ஓரமும் நூல் பிடித்ததுபோல நேராக இருந்தன.

"இந்தா, இந்தப் பக்கத்து நம்பரு ஒரு நெல்லு எறங்கி இருக்கு பாத்தீங்களா?" என்று விரலை வைத்தார். "தப்பா அடிச்ச நோட்டுன்னு இவ சொல்லிக்கிட்டே இருப்பா. நேத்துதான் பெட்டியிலேருந்து எடுத்து நல்லாப் பாத்தேன். கண்டுபிடிச்சுட்டேன்."

நம்பர் ஒரு மயிரளவு இறங்கியிருப்பது ஆயிரம் நோட்டில் நூறில் இருக்கும். "இதின்ர மூலையில தாள் நீட்டிக்கொண்டு இருந்ததெல்லோ?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. கந்தலா நின்னுச்சு. நீங்க போனப்புறம் உக்காந்து சீர் பண்ணிட்டேன். எப்படி, நேரா இருக்கா?"

"அந்தத் துண்டு எங்க?"

"கழிவுக் கூடையில போட்டேன். காலையில வஜ்ஜிரப் பசை காய்ச்சுறவன் வந்து அள்ளிட்டுப் போயிட்டான். ஏங்க?"

திரைக்குப் பின்னால் பல்கீஸ் இருமினார். "வந்தவருக்கு வெயில்ல நாக்கு வறண்டிருக்கும். ஒரு கலர் சோடா வாங்கியாங்க" என்றார். உதுமான் ராவுத்தர் வெட்கப்பட்டவராக எழுந்தார். "செத்த இருங்க, வந்துர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அவர் செருப்புச் சத்தம் தெருமுனையில் மறைந்த பிறகுதான் பல்கீஸ் பேசினார்.

"அண்ணே, அவருகிட்டச் சொல்லிராதீங்க."

நான் திரைப்பக்கம் திரும்பினேன்.

"அந்த மூக்குக்குத்தான் விலைன்னு எனக்குத் தெரியும். காசிம் கடுதாசியில எழுதியிருந்தான். அதைப் பாத்துத்தானே நானும் எடுத்து வச்சேன். இவருக்கு வெவரமாச் சொல்லலை. காலையில துணியில விரிச்சப்பத்தான் பாத்தேன்."

"அந்தத் துண்டைத் தேடிப் பார்க்கலாம், அம்மா."

"தேடி எடுத்தா ஒட்டுவீங்களா? ஒட்டுனா விலை உண்டா?"

காலையில் எலி கடித்த நோட்டுக்காரரிடம் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. துரையின் கண்ணாடி என் கண்ணாடியைவிடப் பெரியது. பொய் எழுதி அனுப்பினாலும் நோட்டு அவர் கைக்குப் போனதும் முடிந்துவிடும்.

"தெரிஞ்சா அவரு இனிமே அந்தக் கத்தியை எடுக்க மாட்டாருண்ணே. எனக்கு அவரைத் தெரியும். நான் போனப்புறம் ரெண்டு பொட்டப்புள்ளைகளுக்கும் அந்தக் கத்திதான் சோறு போடணும்." மூச்சு வாங்கினார். "நம்பரு கோணல் பத்தலைன்னு சொல்லிருங்க."

"உங்களுக்கு வைத்தியம்..."

"வேற வழி இருந்தா நீங்க இந்நேரம் சொல்லியிருப்பீங்க."

என் வாழ்நாளில் நான் அத்தனை கேவலமாக உணர்ந்தது கிடையாது. கையில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, ஒரு காகிதத் துண்டுக்காக ஒரு பெண்ணின் உயிருக்கு விலை சொல்ல வந்தவனாக அந்த முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன்.

உதுமான் ராவுத்தர் கலர் பாட்டிலோடு வந்தார். நான் கண்ணாடியை எடுத்து நம்பரின்மேல் வைத்தேன். பார்ப்பதுபோல் நெடுநேரம் குனிந்திருந்தேன். பிறகு சொன்னேன்.

"நம்பர் இறங்கித்தான் இருக்கு. ஆனா போதாது. இதுக்கு ஆரும் விலை தரமாட்டினம்."

அவர் கண்ணாடியை வாங்கித் தானும் பார்த்தார். "இன்னும் எம்புட்டு எறங்கி இருக்கணும்?"

நகத்தால் ஓர் அளவு காட்டினேன். வாயில் வந்த அளவு.

"ஓரம் சுத்தமா இருக்கே. அதுக்கு ஒண்ணும் சேராதுங்களா?"

"ஓரம் நல்லா இருக்கு" என்றேன்.

அவர் துணியை மடித்தார். மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தார். "அல்லா விட்ட வழி" என்றார். திரைப்பக்கம் பார்க்கவில்லை.

கலரைக் குடித்தேன். இனிப்பாக இருந்ததோ என்னவோ. பயணச்செலவுக்கு மட்டும் நிறுத்திக்கொண்டு பையில் இருந்ததை எடுத்து, காசிம் கொடுத்தனுப்பியது என்று கொடுத்தேன். காசிம் பேரைச் சொல்லாவிட்டால் வாங்கியிருக்க மாட்டார். வேலூர்ப் பயணத்துக்கு அது கால்வாசிகூடக் காணாது. நோட்டை அவர் என்னிடமே தந்தார். "காசிம்கிட்டக் குடுத்துருங்க. அவந்தான் ஆசையாக் கேட்டுக்கிட்டு இருந்தான்."

மூன்றாம் நாள் என்னை ரயிலேற்ற வந்தார். வாழையிலையில் கட்டிய சோற்றுப்பொட்டலம் கொண்டுவந்திருந்தார். ரயில் வரத் தாமதமாயிற்று. எதிர் பிளாட்பாரத்தில் இரண்டு பேர் பூட்டு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

வண்டி வந்து நான் ஏறி உட்கார்ந்ததும் உதுமான் ராவுத்தர் கேட்டார். "என் கையில நோட்டு வந்துக்கிட்டேதான் இருக்கு சார். சந்தையில வாங்குறேன், குடுக்கிறேன். நல்லதா ஒண்ணு மாட்டாமலா போயிரும்? எதைப் பாக்கணும்னு மட்டும் சொல்லுங்க. இவளுக்கு இன்னும் நாளு இருக்கு."

மூலையைப் பாருங்கள், தாள் நீட்டிக்கொண்டிருந்தால் கத்தியைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்த நிமிடமே அவருக்கு விளங்கிவிடும். பிளாட்பாரத்தில் நின்ற அவருடைய கறைபிடித்த விரல்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தன.

"நம்பரைப் பாருங்கோ" என்றேன்.

"நம்பரு" என்று திருப்பிச் சொல்லித் தலையை ஆட்டினார். ரயில் கிளம்பிவிட்டது. சோற்றுப்பொட்டலத்தைப் பிரிக்க மனம் வரவில்லை. எதிரே இருந்த ஒரு பிள்ளைக்காரியிடம் கொடுத்துவிட்டேன்.

கொழும்பில் காசிமின் கடைக்குப் போனபோது அவர் அடுப்படியில் நின்றார். கையைத் துடைத்துவிட்டு நோட்டை வாங்கினார். மூலையைப் பார்த்தார். பிறகு ஓரத்தில் பெருவிரலை மெல்ல ஓட்டினார். தோல் கிடங்குகளுக்கு நடுவே வளர்ந்தவர்.

"மச்சான் கத்தி" என்றார்.

"ஓம்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மச்சானுக்கு?"

"தெரியாது. உங்கட அக்கா சொல்லவேண்டாம் எண்டு சொன்னவ."

காசிம் நோட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினார். கல்லில் இருந்த ரொட்டி கருகியிருந்தது. அதை எடுத்து எறிந்துவிட்டு வேறொன்று போட்டார்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் பல்கீஸ் இறந்துவிட்டார். வேலூருக்குப் போகவில்லை. காசிம் ஒருநாள் கடையைப் பூட்டினார்; போக முடியவில்லை. உதுமான் ராவுத்தரின் கத்தி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பெரிய பெண்ணுக்கு நிக்காஹ் ஆகிவிட்டதாகச் சேதி வந்தது.

திண்டுக்கல்லிலிருந்து யாராவது கப்பலேறும்போது அவர் எனக்கு ஒரு நோட்டு கொடுத்தனுப்புகிறார். விலைக்கு இல்லையாம்; மனைவி ஆசைப்பட்டதற்காக ஒன்றாவது சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். எதிலும் நம்பர் கோணல் இல்லை. நாலு ஓரமும் அவர் கத்தியால் நேராக வெட்டியிருக்கும். காசிம் ஒவ்வொன்றையும் வாங்கிப் பெருவிரலை ஓட்டிப் பார்ப்பார். வெட்டுவதற்கு முன் அதன் மூலையில் என்ன இருந்தது என்று நாங்கள் இருவரும் கேட்டுக்கொள்வதில்லை.